குறுக்கே கிடந்த பிள்ளையும் நான் அவிழ்த்த கட்டும்

எழுத்தில் பிழை இருந்தால் முதலிலேயே பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். படகுக் கழி பிடித்துக் காய்த்த விரலில் பென்சில் நிற்க மாட்டேன் என்கிறது. வரி ஏறியும் இறங்கியும் போகிறது. சின்ன ல, பெரிய ள எங்கே வரும் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். வாயால் சொல்லியிருந்தால் இந்தப் பாடு இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

எழுத வேண்டி வந்த காரணம் இது. எங்கள் சதுரங்கப்பட்டினத்தில் உப்பளத்தில் வேலை செய்யும் கோவிந்தனின் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் திருப்பிவிட்டு, வயிற்றில் கட்டுப் போட்டு, பிரசவம் வரைக்கும் அங்கேயே இருக்கச் சொன்னார்களாம். கோவிந்தனின் அம்மா கேட்காமல் மருமகளைக் கட்டோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மனைவி பச்சையம்மாளுக்கும் இதேதான் நடந்தது என்று தெரிந்து, நேற்று விசாரிக்க வந்தார்கள். பச்சை எல்லாம் சொன்னாள். கடைசியில், "எனக்கும் கட்டு போட்டாங்க. அது தானா தளந்துபூடுச்சி. புள்ள மறுபடியும் குறுக்கால வந்துட்டான். அப்பறம் வயித்த அறுத்துதான் எடுத்தாங்க" என்றாள்.

கோவிந்தனின் அம்மா உடனே பிடித்துக்கொண்டாள். "தானா தளர்ற கட்டுக்கு ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு? ஊட்லயே அவுத்துப் போட்டா போச்சு."

நான் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன். திரிப்பதை நிறுத்தவில்லை.

கட்டு தானாகத் தளரவில்லை. நான்தான் அவிழ்த்தேன். பச்சைக்கும் இது தெரியாது.

நான் கால்வாய்ப் படகில் வேலை செய்கிறவன். சவுக்கு விறகும் கிளிஞ்சலும் ஏற்றிக்கொண்டு பட்டணம் போய் வருவோம். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. பச்சைக்கு முப்பது. மூத்தவள் வள்ளிக்கு ஏழு வயது. அதற்கடுத்துப் பிறந்த ஒன்று நாலாம் நாளே போய்விட்டது. இது மூன்றாவது.

ஏகாம்பரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவன் பச்சைக்கு அத்தை மகன். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். அவன் அப்பாவும் எங்களைப் போலக் கால்வாய்ப் படகில் இருந்தவர்தான். இவன் மட்டும் செங்கல்பட்டில் தங்கிப் படித்துக் கம்பவுண்டர் ஆனான். வேலை கிடைத்ததும் அவன் அம்மா வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டாள். பச்சை எனக்கு வந்தாள். என்னை அவள் "இந்தாய்யா" என்பாள். அவனைப் பார்த்தால் "மாமா" என்பாள். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், அதில் ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறை அந்தச் சொல் காதில் விழும்போதும் எனக்கு எரியும்.

முதலில் கண்டுபிடித்தது எங்கள் ஊர் மருத்துவச்சி. வயிற்றைத் தடவிப் பார்த்தவள் கையை எடுக்கவே இல்லை. பிறகு என்னை வெளியே கூப்பிட்டு, "தல இந்தப் பக்கம் கீது, குண்டி அந்தப் பக்கம் கீது. கீழ ஒண்ணுமே இல்ல. இத்த நான் தொட மாட்டேன். செங்கல்பட்டு இட்டுகினு போ" என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் போனோம். துணைக்கு என் அக்கா கன்னியம்மா வந்தாள். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது அக்கா மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பச்சை கும்பிடவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். "ஏகாம்பரம் மாமா இன்னிக்கி டூட்டில இருக்குமா?"

இருந்தான். வாசலிலேயே நின்றான். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. "வா அண்ணாத்த" என்று என் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு, நாங்கள் உட்கார வேண்டிய பெஞ்சைக் காட்டி, சீட்டு எழுதுகிறவரிடம் தானே போய்ப் பேசினான். காலையிலிருந்து காத்திருந்தவர்களில் எங்களைத்தான் சீக்கிரம் கூப்பிட்டார்கள். நன்றி சொல்ல வேண்டிய இடம். எனக்கு அவன் பேனாதான் கண்ணை உறுத்தியது.

டாக்டரம்மா வயதானவர். நிதானமாகப் பேசினார். மரத்தில் செய்த புனல் மாதிரி ஒன்றை வயிற்றில் வைத்து, அதில் காதை வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார். பிறகு எனக்கும் அக்காவுக்கும் சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

கடைசி மாதத்தில் பிள்ளையின் தலை கீழே வந்துவிட வேண்டும். சில பிள்ளைகள் உட்கார்ந்த வாக்கில், பிட்டம் கீழே இருக்கும். அதைப் பழகின கை வெளியே எடுத்துவிடும், ஆனால் தலை கடைசியில் மாட்டிக்கொள்ளும் பயம் உண்டு. குறுக்கே கிடக்கிற பிள்ளைக்கு வெளியே வர வழியே கிடையாது. பனிக்குடம் உடைந்தால் முதலில் கை வந்துவிடலாம், தொப்புள்கொடி வந்துவிடலாம். கொடி நசுங்கினால் பிள்ளை போய்விடும். அப்படியே விட்டால் கர்ப்பப்பை கிழிந்து தாயும் போய்விடுவாள். இரண்டு மூன்று பெற்றவர்களுக்கு வயிறு தளர்ந்திருப்பதால் பிள்ளை இப்படிப் படுத்துக்கொள்வது உண்டாம்.

செய்யக்கூடியது மூன்று. ஒன்று, வலி எடுப்பதற்கு முன்பே வெளியிலிருந்து கையால் தள்ளித் தலையைக் கீழே கொண்டுவருவது. இரண்டு, அது நிற்காவிட்டால் வயிற்றைத் திறந்து எடுப்பது. மூன்றாவது, பிரசவ வேளையில் கையை உள்ளே விட்டுக் காலைப் பிடித்துத் திருப்பி இழுப்பது. "அதை நான் உயிரோட இருக்கிற பிள்ளைக்குச் செய்யறதில்லை" என்றார்.

அன்றைக்கே திருப்பினார். நான் திரைக்கு வெளியே நின்றேன். திரையின் ஓரம் ஒரு சாண் விலகியிருந்தது. ஒரு கை தலையில், ஒரு கை அந்தப் பக்கம். அழுத்தவே இல்லை. கொஞ்சம் தள்ளுவார், நிறுத்துவார், காத்திருப்பார். பச்சையின் வயிறு தளர்ந்ததும் மறுபடி கொஞ்சம். கால்வாயில் படகு குறுக்கே மாட்டிக்கொண்டால் நாங்களும் அப்படித்தான் செய்வோம். முன்னாலும் பின்னாலும் கழி போட்டு, தண்ணீர் இடம் கொடுக்கும்போது மட்டும் தள்ளுவோம். அந்தக் கையை எனக்குப் பிடித்தது. ஏகாம்பரம் மருந்துத் தட்டோடு டாக்டரம்மாவின் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். நான் வெளியே, அவன் உள்ளே. அதுதான் பிடிக்கவில்லை.

தலை கீழே வந்துவிட்டது. மறுபடி நகராமல் இருக்க, வயிற்றின் இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி வைத்து, மேலே அகலமான துணியால் சுற்றிப் பக்கவாட்டில் கட்டினார்கள். நர்சு இரண்டு காது விட்டுப் பூ மாதிரி முடிச்சுப் போட்டாள். "ஊர் தூரமா இருக்கு. வலி வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். கட்டை யாரும் தொடக்கூடாது" என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் பார்க்கப் போனபோது பச்சை சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு பார்த்த சிரிப்பு.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்லய்யா. இங்க இருந்த துணி மொரமொரன்னு குத்துச்சி. மாமாதான் வூட்டுக்கு ஓடிப்போயி, பொங்கலுக்கு எடுத்த புதுவேட்டிய கொண்டாந்து கிழிச்சி குடுத்துச்சு. தொட்டுப் பாரேன், மெத்துன்னு கீது."

நான் தொட்டுப் பார்க்கவில்லை. என் இடுப்பிலும் ஒரு வேட்டி இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது கிளிஞ்சல் தூசி படிந்த வேட்டி.

ஐந்து நாள் அப்படியே போயிற்று. ஆண்கள் எல்லோரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்போம். பினாயில் வாசனை, ரொட்டி வாசனை, எப்போதாவது உள்ளேயிருந்து ஒரு அலறல். மதுராந்தகத்துத் தையற்காரர் ஒருவர் மட்டும் சும்மா இருக்க மாட்டார். "நம்மள இன்னாத்துக்குபா இங்க ஒக்கார வெச்சிகீறாங்க?" என்று கேட்பார். யாராவது, "உள்ள போனவங்க செருப்ப பாத்துக்க" என்பார்கள். மூன்றாம் நாள் அவர் மனைவிக்கு ஒரு மணி நேரத்தில் சுகப்பிரசவம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். இனிக்கவில்லை. அவர் மனைவிக்கும் ஒரு பிள்ளை குறுக்கே கிடந்திருந்தால் என்ன என்று நினைத்தேன். இப்படி நினைத்ததை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நினைத்தேன்.

அக்கா இரண்டு நாளைக்கு ஒருமுறை மீன் குழம்பு கொண்டுவருவாள். டாக்டரம்மா மீன் சாப்பிடச் சொல்லியிருந்தார். ஏகாம்பரத்தின் மனைவி தினமும் காலையில் கஞ்சி கொடுத்து அனுப்புவாள். வள்ளியையும் அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். நான்காம் நாள் பார்த்தபோது வள்ளிக்கு இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டியிருந்தது. "நைனா, மாமா வூட்ல ரேடியோ கீது" என்றாள். என் மகளும் "மாமா" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

ஐந்தாம் நாள் அக்கா வந்தவள் பச்சையின் கட்டைப் பார்த்துவிட்டு என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தாள்.

"இன்னாடா இது? இடுப்ப சுத்தி முடிச்சு போட்டு வெச்சிகீறாங்க. நம்ம வூட்ல வலி எடுக்கற நேரத்துல பொட்டிப் பூட்டயே தொறந்து வெப்போம். கயித்து முடிச்சு, தலமுடி முடிச்சு, அல்லாத்தயும் அவுப்போம். முடிச்சு இருந்தா புள்ள எப்டிடா எறங்கும்?"

"அது டாக்டரம்மா போட்டது, அக்கா."

"டாக்டரம்மாவுக்கு நம்ம வூட்டு வழக்கம் தெரியுமா? உன் பொண்டாட்டி, உன் புள்ள. நீ இன்னாத்துக்கு வாய மூடிகினு கீற?"

அந்த வழக்கத்தை நான் பாதிதான் நம்பினேன். அக்கா மேல் பழியைப் போட இதை எழுதவில்லை. அவள் சொன்னதில் எனக்கு உள்ளே போனது ஒன்றே ஒன்றுதான்: உன் பொண்டாட்டி, உன் புள்ள.

அன்று மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் போனேன். அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். பச்சை சோறு சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் காலி. சேலைக்கு மேலே அந்த வெள்ளை வேட்டி சுற்றியிருந்தது. அதன் கரையில் மெல்லிய பச்சைக் கோடு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் துணி என் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. பூ முடிச்சின் ஒரு காதை இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த துணியையும் எடுத்தேன். என் வேட்டியைத் துவைத்துக் கொண்டுவந்து சாயங்காலம் நானே கட்டிவிடலாம் என்று ஒரு எண்ணம்.

அப்போது கையை வயிற்றில் வைத்தேன். அதுவரை அந்தப் பிள்ளையை நான் தொட்டதில்லை. கூச்சம். உள்ளே ஏதோ புரண்டது. முதலில் கை ஓரமாக ஒரு அலை மாதிரி. பிறகு உருண்டையாக, கெட்டியாக ஒன்று மெதுவாக ஏறி வந்து என் உள்ளங்கையில் முட்டி நின்றது. பிள்ளையின் தலை. என்னைத் தேடி வந்தது என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தலை என் கையில் இருக்கிறது என்றால் கீழே இல்லை என்று புரிய எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

வெளியே ஆயாவின் குரல் கேட்டது. அவசரமாகத் துணிச் சுருளை வைத்து, வேட்டியை இழுத்துச் சுற்றிக் கட்டினேன். அந்த நேரத்தில் என் கைக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான். படகைத் துறையில் கட்டும்போது போடுகிற இரட்டைச் சுருக்கு. வாலை அடியில் செருகிவிட்டால் அலை இழுக்க இழுக்க இறுகும்.

பச்சை கண் விழித்தாள். "இன்னாய்யா பண்ற?"

"தானா தளந்து கெடந்துச்சி. இறுக்கி வுட்டேன்."

"சரி" என்று திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். வலி இன்னும் எடுக்கவில்லை, மறுபடி திருப்பியிருப்பார்கள். அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

விடியற்காலையில் பச்சைக்கு வலி எடுத்துவிட்டது. எட்டு மணிக்கு டாக்டரம்மா பார்க்க வந்தபோது ஆண்களைத் தாழ்வாரத்துக்கு அனுப்பினார்கள். ஜன்னல் வழியே குரல் நன்றாகக் கேட்டது.

"மறுபடி குறுக்கே வந்துடுச்சே! கட்டு எங்கே? யார் எடுத்தது?"

பிறகு ஏகாம்பரத்தின் குரல். "நான்தான் மேடம். மருந்து கொட்டி நனைஞ்சி போச்சு. வேற துணி மாத்தலாம்னு கத்தரியால வெட்டிட்டேன்."

"நர்சு இல்லையா? கம்பவுண்டருக்கு வார்டுல என்ன வேலை? சொந்தக்காரின்னா எதை வேணா தொடலாமா? இப்ப இந்தம்மா வயித்தை நான் திறக்கணும். தெரியுதா உனக்கு?"

அதற்கு மேல் இங்கிலீஷில் திட்டினார். தாழ்வாரத்தில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். பச்சைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்துக்கு நடுவிலும் எனக்கு உள்ளே குளிர்ந்தது. என் தப்பு எப்படியோ அவன் தலையில் போய் உட்கார்ந்துவிட்டதே என்று. பேனா வைத்தவனுக்கும் ஏச்சு விழுகிறதே என்று.

பச்சையின் வயிறு கல்லாக இறுகியிருந்தது. இனித் திருப்ப முடியாது, பனிக்குடம் உடைவதற்குள் திறக்க வேண்டும் என்றார்கள். ஒரு காகிதம் வந்தது. ஏகாம்பரமே அதைத் தமிழில் படித்துச் சொன்னான். மயக்க மருந்து கொடுக்கவும், வயிற்றையும் கர்ப்பப்பையையும் திறந்து பிள்ளையை எடுக்கவும் எனக்குச் சம்மதம், எது நடந்தாலும் அறிந்தே சம்மதிக்கிறேன் என்று அதில் இருந்தது. அவன் கண் சிவந்திருந்தது. பேனாவை நீட்டினான். அந்தப் பேனாவால்தான் கையெழுத்துப் போட்டேன். என் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன்.

ரத்தம் தேவைப்படலாம் என்று எங்கள் இருவர் விரலிலும் குத்திப் பார்த்தார்கள். அவன் ரத்தம் பச்சைக்குச் சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. தாயும் பிள்ளையும் உள்ளே அந்த நிலையில் இருக்கும்போது, நான் தாழ்வாரத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன் என்றால் யார் நம்புவார்கள்? கடைசியில் ரத்தம் தேவைப்படவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

பத்தரை மணிக்கு அழுகைச் சத்தம் கேட்டது. ஆயா வந்து, "ஆம்பளப் புள்ள. தாயி நல்லா கீறா" என்றாள். ஏகாம்பரம் என் தோளைப் பிடித்தான். நான் தோளை விலக்கிக்கொண்டேன்.

பிறகு பன்னிரண்டு நாள் இருந்தோம். முதல் நாள் பச்சைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தார்கள். இருமினால் தையல் இழுக்கும் என்று தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமுவாள். எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். இனி ஒரு பிள்ளை என்றால் வீட்டில் பார்க்கவே கூடாது, வலியில் பழைய தையல் உள்ளே பிரிந்துவிடக்கூடும் என்றார் டாக்டரம்மா. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரை ஒன்று கேட்டேன். கட்டு அப்படியே இருந்திருந்தால் பிள்ளை நின்றிருக்குமா என்று. "நின்னிருக்கலாம். கட்டோடவே திரும்புற பிள்ளையும் உண்டு. யாரால சொல்ல முடியும்?" என்றார். அந்தப் பதிலை மூன்று வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு நாளும் ஏகாம்பரம் வார்டுப் பக்கம் வரவில்லை. அவனை மருந்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள் என்று ஆயா சொன்னாள். கஞ்சி மட்டும் தவறாமல் வந்தது.

கிளம்பும் நாள் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தான். பிள்ளையைத் தூக்கி நெற்றியில் முத்தமிட்டான். பச்சை ஏறி உட்கார்ந்த பிறகு என் கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை வைத்தான்.

"இன்னா இது?"

"உன்னுதுதான் அண்ணாத்த. வூட்டுக்குப் போய் பாரு."

நான் திருக்கழுக்குன்றம் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. பிரித்தேன். உள்ளே ஒரு முடிச்சு. பச்சைக் கோடு போட்ட வேட்டித் துணி, இரட்டைச் சுருக்கு, வால் அடியில் செருகியிருந்தது. இரண்டு பக்கமும் கத்தரியால் ஒட்ட வெட்டியிருந்தான். மருந்தும் கொட்டவில்லை, ஒன்றும் நனையவில்லை. துணி ஒரு கறையும் இல்லாமல் சுத்தமாக இருந்தது. அந்த முடிச்சை ஆஸ்பத்திரியில் யாரும் போட மாட்டார்கள். கால்வாயில் வளர்ந்தவனுக்கு அதைப் பார்த்ததும் தெரிந்திருக்கும், யார் கை என்று. டாக்டரம்மா வருவதற்குள் வெட்டி எடுத்துவிட்டான்.

பச்சை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டேன்.

ஏகாம்பரம் ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறான். என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. பையன் அவனைக் கண்டால் என்னை விட்டு ஓடுகிறான். எனக்கு இன்னமும் எரிகிறது. முன்பு அவன் படிப்பையும் பேனாவையும் பார்த்து எரிந்தது. இப்போது, அந்தக் காலை நேரத்தில் அடுத்தவன் தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்ளத் தோன்றியது அவனுக்குத்தானே, எனக்குத் தோன்றாதே என்று எரிகிறது.

கோவிந்தா, இதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. வெட்கப்பட்டுக்கொண்டு நடுவில் எதையும் விடாதே. கட்டு தானாகத் தளரவில்லை. உன் மனைவியின் கட்டை நீங்கள் யாரும் தொட வேண்டாம். வீட்டில் பெட்டிப் பூட்டைத் திற, கயிற்று முடிச்சை எல்லாம் அவிழ், அம்மா மனம் ஆறட்டும். அந்த ஒரு முடிச்சை மட்டும் விட்டுவிடு. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். நானும் வருகிறேன். இந்தக் காகிதத்தோடு என் முடிச்சையும் வைத்திருக்கிறேன். உன் அம்மா நம்பாவிட்டால் எடுத்துக் காட்டு. பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடு.

இதை எழுதும்போதே விளக்கடியில் உட்கார்ந்து வள்ளி ஒவ்வொரு வரியாகப் படித்து அவள் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை. முடிச்சைப் பற்றிய இடம் வந்ததும் பச்சை எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நான் வாங்கி, கொடுக்க மனம் வராமல் மூன்று வருஷமாகப் பெட்டியின் அடியில் போட்டு வைத்த, பச்சைக் கோடு போட்ட புதுவேட்டியை எடுத்து வந்து, நாளைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்தாள். அதை நான் யாருக்காக வாங்கினேன் என்று அவளிடம் சொன்னதே இல்லை.

சதுரங்கப்பட்டினம்,
1957-ஆம் வருஷம், புரட்டாசி மாதம் ஒன்பதாம் தேதி.